மான்களுக்கு ஒரு வேலைத்திட்டம்: பதினெட்டாம் நூற்றாண்டு அங்கதத்தைக் கழற்றிப் பார்த்தல்

ஐரிஷ் எழுத்தாளர் ஜொனதன் சுவிஃப்ட் 1729இல் டப்ளினில் பெயர் போடாமல் வெளியிட்ட ‘ஓர் அடக்கமான முன்மொழிவு’ பற்றிப் பேச்சு வந்தால், எல்லாரும் அதிர்ச்சியைத்தான் முதலில் சொல்வார்கள். ஏழைகளின் ஒரு வயதுக் குழந்தைகளைப் பணக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு விற்கலாம் என்று ஒருவர் பணிவாக யோசனை சொல்கிறார். அதிர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்கை எடுத்துப் பாருங்கள். அந்தச் சின்னப் பிரசுரம் இத்தனை காலமாகியும் பழுதாகாமல் நிற்பது கணக்கால்தான். அங்கதம் என்ற, கேலியால் குத்தும் இந்த எழுத்தின் வேலைப்பாட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, முடிவில் திருகோணமலை மான்களைப் பற்றி நாமே ஒன்று எழுதிப் பார்க்கலாம்.

அயர்லாந்தின் சனத்தொகை 15 இலட்சம் என்று தொடங்குகிறார். பிள்ளை பெறக்கூடிய தம்பதிகள் 200,000. சொந்தச் செலவில் வளர்க்க வசதியுள்ள 30,000 தம்பதிகளைக் கழித்தால் 170,000. கரு கலைவது, முதல் வருடத்துக்குள் நோயிலும் விபத்திலும் இறப்பது என்று 50,000 போக, மிஞ்சுவது வருடத்துக்கு 120,000 ஏழைக் குழந்தைகள். இவற்றில் 20,000ஐ இனவிருத்திக்கு ஒதுக்குகிறார். அதில் நாலில் ஒன்று ஆணாக இருந்தால் போதுமாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பன்றிக்கும் நாம் விடுகிற விகிதத்தைவிட இது கூட என்று பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொள்கிறார். மிச்சம் 100,000 விற்பனைக்கு. ஒரு குழந்தையை ஒரு வருடம் வளர்க்க, கந்தல் துணியும் சேர்த்து, 2 சிலிங் செலவு. விலை 10 சிலிங். தாய்க்குத் தேறிய இலாபம் 8 சிலிங்.

கூட்டல் கழித்தலில் ஒரு பிழை கிடையாது. பிழை வேறோர் இடத்தில் இருக்கிறது. பிறந்த குழந்தை சராசரியாக 12 இறாத்தல் என்றும், சுமாராகப் பாலூட்டினால் ஒரு வருடத்தில் 28 இறாத்தல் ஆகும் என்றும் எழுதுகிறார். கிலோவில் போட்டால் பிறக்கும்போது ஏறத்தாழ 5.4, ஒரு வயதில் 12.7. நம்மூர்க் கிளினிக் கொப்பியைப் புரட்டிய எவருக்கும் இது இடிக்கும். மூன்று கிலோவில் பிறந்தாலே வீட்டில் நிம்மதி. இரண்டரைக்குக் குறைந்தால் நிறை காணாது என்று மருத்துவமாது சொல்லுவார். பட்டினி கிடக்கும் தாய் ஐந்தரைக் கிலோவில் பிள்ளை பெறுகிறாள் என்று கணக்குப் போடுகிற மனிதன் தன் வாழ்நாளில் ஒரு ஏழைக் குழந்தையைக் கையில் தூக்கியதில்லை. இதைச் சுவிஃப்ட் தெரிந்தே வைத்தாரா, அவருக்கே தெரியாதா என்று வாதாடலாம். எப்படியிருந்தாலும் தாளில் நிற்பது யோசனை சொல்லும் அந்த ஆள்தான்: நல்ல மனம், சுத்தமான கணக்கு, குழந்தையைக் கண்ணால் காணாத அறிவு.

இந்த ஆளைச் சுவிஃப்ட் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. அவருக்கு இரண்டு தலைமுறை முன்பே அயர்லாந்தை அளந்த வில்லியம் பெட்டி, ‘அரசியல் எண்கணிதம்’ என்ற ஒரு துறையையே உண்டாக்கி, மனிதத் தலை ஒன்றுக்கு இத்தனை பவுண் என்று மதிப்புப் போட்டுக் காட்டியவர். வறுமையை ஒழிக்க யோசனை சொல்லும் சிறு பிரசுரங்கள் அந்தக் காலத்தில் டப்ளினிலும் லண்டனிலும் மலிந்து கிடந்தன. சுவிஃப்ட் அவற்றின் நடையை அப்படியே எடுத்தார்: அதே பணிவு, அதே “சராசரியாகக் கணக்கிட்டதில்”, அதே “நாட்டு நலன் தவிர வேறு நோக்கம் எனக்கில்லை”. அடி விழுவது நிலக்கிழாருக்கு மட்டும் என்று நினைத்தால் பாதியைத்தான் வாசித்திருக்கிறோம். பேசுகிற குரலுக்குத்தான் முதல் அடி. அந்தக் குரலுக்குத் தலையாட்டிக்கொண்டு வந்த வாசகருக்கு இரண்டாவது.

தலையாட்ட வைப்பதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள். தொடக்கத்தில் தெருவில் பிச்சையெடுக்கும் தாய்மாரும், கந்தலோடு அவர்கள் பின்னால் வரும் மூன்று, நான்கு, ஆறு பிள்ளைகளும். யாருக்கும் மறுப்பில்லாத காட்சி. அடுத்து, தாயையும் சேயையும் கால்நடைப் பட்டியில் வைத்துப் பேசுகிற ஓரிரு சொற்கள் சத்தமில்லாமல் நுழைகின்றன. பிறகு முழுக்க எண்கள். மொத்தப் பிரசுரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு ஓடிய பிறகுதான், லண்டனில் தனக்குத் தெரிந்த, விஷயம் அறிந்த ஓர் அமெரிக்கர் சொன்னதாக அந்த வரி வருகிறது: நன்றாக வளர்ந்த ஒரு வயதுக் குழந்தை, அவித்தாலும் வாட்டினாலும் சுட்டாலும் மிக ருசியான உணவு. அதற்குப் பின்னர் அவர் குரலை ஒரு இம்மியும் உயர்த்துவதில்லை. விருந்தென்றால் ஒரு குழந்தையில் இரண்டு கறி. வீட்டார் மட்டும் சாப்பிடுவதென்றால் முன்காலோ பின்காலோ போதும். கொஞ்சம் மிளகும் உப்பும் போட்டு வைத்தால் நாலாம் நாளும் அவித்துச் சாப்பிடலாம், குளிர்காலத்தில் இன்னும் நல்லது. நிலக்கிழார்மாருக்கு இது மிகப் பொருத்தமான உணவு. பெற்றோரில் பெரும்பாலானோரை ஏற்கெனவே அவர்கள் விழுங்கிவிட்டபடியால் பிள்ளைகள்மேல் அவர்களுக்கே முதல் உரிமை. இந்த ஒரு வரியில்தான் சுவிஃப்டின் முகம் கொஞ்சம் தெரிகிறது. அதையும் அந்த ஆள் சொல்லக்கூடிய மாதிரியே சொல்லிவிட்டுப் போகிறார்.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு கருவி இருக்கிறது. “மற்ற வழிகளைப் பற்றி யாரும் என்னிடம் பேச வேண்டாம்” என்று ஒரு பட்டியலைத் தள்ளுகிறார்: நாட்டில் இருக்காமல் வாடகை மட்டும் வாங்கும் நிலக்கிழாருக்குப் பவுணுக்கு 5 சிலிங் வரி போடுவது, உள்நாட்டில் நெய்த துணியை மட்டும் உடுப்பது, குத்தகைக்காரரிடம் கொஞ்சமாவது இரக்கம் காட்டுவது, கடைக்காரர் நேர்மையாக இருப்பது. தள்ளப்பட்ட இந்தப் பட்டியல்தான் சுவிஃப்ட் உண்மையில் கேட்டது. உள்நாட்டுத் துணியைப் பற்றி 1720இலேயே நேரடியாக எழுதியிருந்தார்; அதற்கு அச்சகத்தாரை வழக்கில் இழுத்தார்கள். நேராகச் சொல்லி எடுபடாத யோசனைகளை, நடைமுறைக்கு ஒவ்வாத கனவுகள் என்று ஒரு மூடன் வாயால் தள்ளவைத்து, ஒன்றுவிடாமல் மறுபடி அச்சேற்றிவிட்டார். கடைசி வரியில் அந்த ஆள் தன் நடுநிலையைச் சத்தியம் செய்கிறார்: இதில் எனக்கு ஒரு சதமும் கிடைக்காது, என் கடைசிப் பிள்ளைக்கு வயது ஒன்பது, மனைவிக்குப் பிள்ளை பெறும் வயது கடந்துவிட்டது.

தமிழில் இது இல்லையா என்று கேட்பார்கள். வஞ்சப்புகழ்ச்சி நம்மிடம் தாராளமாக உண்டு. “தேவர் அனையர் கயவர்” என்ற குறள், கயவரும் தேவரைப்போல் நினைத்ததைச் செய்து திரிவதால் என்று அடுத்த அடியில் கவிழ்க்கிறது. புறநானூற்றின் 95ஆம் பாட்டு அதைவிட நுட்பம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவன் படைக்கலக் கொட்டிலைப் புகழ்கிறார்: இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலுள்ள மனையில் இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்திக் கோடும் நுனியும் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. பாராட்டுப்போலக் கேட்கும், எச்சரிக்கை. ஆனால் இவற்றில் பேசுபவர் ஔவையாராகவே, வள்ளுவராகவே நிற்கிறார். குரலை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு எழுத்தாளர் மறைந்துபோவது வேறொரு வேலைப்பாடு. சுவிஃப்டின் காலத்திலேயே தமிழ்நாட்டில் இருந்த வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குரு கதை’யைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் துலங்கும். குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடரும் ஆற்று நீர் தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிறார்கள். வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் முதல் வரியிலிருந்தே அவர்கள் மடையர் என்று தெரியும். நாம் கரையில் பத்திரமாக நிற்கிறோம். சுவிஃப்ட் வாசகரைக் கரையில் விடுவதில்லை.

மறைந்துபோகும் இந்த வித்தை கைதவறினால் என்ன நடக்கும் என்பதற்கு ‘ரொபின்சன் குரூசோ’ எழுதிய டானியல் டீஃபோ சாட்சி. இங்கிலாந்துத் திருச்சபையோடு சேராத புரட்டஸ்தாந்தருக்கு எதிராக வெறிப்பேச்சுப் பேசிய பாதிரிமாரின் குரலில், ‘மாற்றுக் கருத்தாளரை முடிக்கக் குறுக்கு வழி’ என்ற பிரசுரத்தை 1702 டிசம்பரில் பெயரில்லாமல் விட்டார். டீஃபோ தாமே அந்த மாற்றுக் கருத்தாளரில் ஒருவர். வெறியர் சிலர் அது தங்கள் பக்கத்து எழுத்தென்றே மெச்சினார்கள். அவருடைய சொந்தச் சனம் நடுங்கியது. உண்மை வெளிவந்ததும் இரண்டு பக்கமும் அவரை மன்னிக்கவில்லை. அவரைப் பிடித்துக் கொடுப்பவருக்கு 50 பவுண் என்று அரசாங்கம் அறிவித்தது. 1703 ஜூலைக் கடைசியில் மூன்று நாள், தலையையும் கையையும் பூட்டி ஊர் பார்க்க நிறுத்தும் தண்டக்கட்டையில் நின்றார். அபராதமும் சிறையும் தனி.

எங்கே பிசகியது? டீஃபோவின் குரல் அசலோடு முற்றாக ஒத்திருந்தது. உண்மையான பாதிரி ஒருவர் அதையே எழுதியிருக்கலாம். சுவிஃப்டின் ஆள் சொல்வதை எந்த உண்மையான திட்டக்காரனும் எழுதியிருக்க முடியாது. ஓரிடத்தில் அவர் அசலைத் தாண்டி ஒரு படி வைக்கிறார், அந்தப் படியில் கால் வைத்த எவரும் விழித்துக்கொள்வார். அந்தப் படி இல்லாத அங்கதம் வெறும் போலிக் கையெழுத்து. 1702க்கும் 1729க்கும் இடையில் ஆங்கில அங்கதம் படித்த பாடம் இதுதான் என்பது என் கணிப்பு.

அங்கதம் எதையாவது மாற்றியதா என்றால், முன்மொழிவு எதையும் மாற்றவில்லை. சுவிஃப்டின் வெற்றி அதற்கு ஐந்து வருடம் முந்தியது. வுட் என்ற இரும்பு வியாபாரி காசு கொடுத்து வாங்கிய அனுமதியோடு அயர்லாந்தில் செப்புக் காசு அடித்துக் கொட்டப் பார்த்தபோது, 1724இல் ‘துணிக்கடைக்காரன்’ என்ற பெயரில் கடிதங்கள் எழுதினார். இந்தக் காசில் வாடகை வாங்கினால் ஒரு பெரிய மனிதரின் அரைவருட வாடகையை ஏற்றிவர இருநூறுக்கு மேற்பட்ட குதிரை வேண்டும் என்று கடைக்காரக் கணக்கில் சொன்னார். எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுண் என்றார்கள். டப்ளின் முழுக்கத் தெரியும். ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. 1725இல் அனுமதி வாபஸ். அங்கே வஞ்சம் குறைவு, கோபம் நேரடி. காரியம் ஆக வேண்டுமென்றால் கடைக்காரனின் குரல் போதும். காரியம் ஆகாது என்று தெரிந்த பிறகு வருவதுதான் முன்மொழிவு.

‘கலிவரின் பயணங்கள்’ (1726) திருகோணமலைக்காரருக்குக் கொஞ்சம் கிட்டிய சொந்தம். அந்தப் புத்தகம் பகிடி பண்ணுவது கடற்பயண நூல்களை. அவ்வகை நூல்களில் ஒன்று நம் கொட்டியாரக்குடாவில் தொடங்குகிறது. புயலில் பாய்மரம் இழந்து திருத்த வேலைக்காக ஒதுங்கிய கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலில் இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1660இல் அங்கே கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். மூதூரில் ஒரு புளியமரத்தையும் நினைவுக்கல்லையும் காட்டுவார்கள். ஏறத்தாழ 19 வருடத்துக்குப் பிறகு தப்பி, 1681இல் லண்டனில் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டார். முன்னுரை, விஞ்ஞானி ரொபர்ட் ஹூக். நெல் வகை, மர வகை, தண்டனை வகை என்று கண்டதைக் கண்டபடி எழுதிய நேர்மையான புத்தகம். டீஃபோவின் குரூசோவுக்கு நொக்ஸும் ஒரு மூலம் என்பார்கள். சுவிஃப்ட் இந்த வகையின் நேர்மை பேசும் நடையைத்தான் இரவல் எடுத்தார்: வரைபடம், தேதி, பாகை கணக்கு, ‘நூல் நீளுமென்று காற்று, நீரோட்ட விபரங்களை வெட்டினேன்’ என்று ஒரு பதிப்பாசிரியர் குறிப்பு. கலிவர் போய்ச் சேரும் குட்டி மனிதர் நாடான லில்லிபுட்டில் எல்லாம் பன்னிரண்டில் ஒன்று. இராட்சத மனிதர் நாடான பிரொப்டிங்நாக்கில் எல்லாம் பன்னிரண்டு மடங்கு. அளவு பிசகாததால், ஆறங்குல மனிதர் முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது என்று போர் செய்யும்போது நாம் சந்தேகப்படுவதில்லை. கலிவரின் ஒரு நேரச் சாப்பாடு எத்தனை லில்லிபுட்டியருக்குப் போதும் என்ற எண் சில பதிப்புகளில் 1728, சிலவற்றில் 1724. பன்னிரண்டை மும்முறை பெருக்கினால் 1728. இதில் யார் பிழைவிட்டார் என்று ஆராய்ச்சியாளர் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். அது அவர்கள் சந்தோஷம்.

கையெழுத்துப் பிரதியை அச்சகக்காரர் மோட்டிடம் சேர்த்த விதமும் ஒரு தொழில்நுட்பம். இருட்டில், வாடகை வண்டியிலிருந்து, அவர் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். பேச்சுவார்த்தைக் கடிதத்தில் ரிச்சர்ட் சிம்சன் என்று ஒரு பொய்க் கையெழுத்து. அப்படியும் மோட் பயந்து சில இடங்களை வெட்டினார், மாற்றினார். கதையில் லிண்டலினோ என்ற நகரம், தன்னை மேலிருந்து ஆளும் பறக்கும் தீவை எதிர்த்துக் கிளம்பும் பகுதி 1899 வரை எந்தப் பதிப்பிலும் அச்சேறவில்லை.

பிரான்சில் இதே வேலை வேறு உடுப்பில் நடந்தது. மொன்டெஸ்கியூவின் ‘பாரசீகக் கடிதங்கள்’ 1721இல் வந்தபோது ஆசிரியர் பெயர் இல்லை. பதிப்பகம் ‘கொலோன், பியேர் மார்ட்டோ’. அப்படி ஒரு பதிப்பகம் பூமியில் இல்லை. அச்சடித்தது அம்ஸ்டர்டாமில். பாரிசுக்கு வந்த இரண்டு பாரசீகர் ஊருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். பிரான்சு மன்னன் பெரிய மந்திரவாதி, ஒரு நாணயத்தை இரண்டென்று சனத்தை நம்பவைப்பான். அவனிலும் பெரிய மந்திரவாதி ஒருவர் இருக்கிறார், பாப்பரசர், மூன்றை ஒன்றென்று (கிறிஸ்தவரின் திரித்துவத்தை) நம்பவைப்பார். வெளியூரான் கண்ணுக்கு எதுவும் பழகியிருக்காது, ஆகவே எல்லாவற்றையும் புதிதாகப் பெயரிட்டுச் சொல்லுவான். இந்த வித்தையைப் பிறகு பலர் எடுத்தார்கள். பலர் எடுக்காமல் விட்டது இதன் மறுபாதியை. பாரிசின் கொடுமைகளை இவ்வளவு தெளிவாகக் காணும் உஸ்பெக், அந்த இரு பாரசீகரில் ஒருவன், தன் அந்தப்புரத்துப் பெண்களைக் காவல் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறான். கடைசிக் கடிதத்தில் மனைவி ரொக்சான் நஞ்சு குடித்துவிட்டு எழுதுகிறாள்: உன்னை ஏமாற்றினேன், அடிமையாக வாழ்ந்திருப்பேன், ஆனால் எப்போதும் சுதந்திரமாகவே இருந்தேன். பார்வையாளனும் குற்றவாளிதான்.

இதைத் திருமலைக்கு எழுதுவதானால் ஆள் தயாராக இருக்கிறார்: கனடாவிலிருந்து லீவில் வந்து நிலாவெளியில் அறை எடுத்துத் தங்கும் பெரியண்ணன். றோட்டு, லஞ்சம், பஸ்ஸின் சத்தம், கந்தோரில் காத்திருப்பு எல்லாவற்றையும் கூர்மையாக எழுதுவார். நடுநடுவே தங்கச்சியின் கலியாணம் பற்றி, எந்தச் சாதி, எவ்வளவு சீதனம் என்று உத்தரவு போடுவார். கடைசிக் கடிதம் தங்கச்சியுடையதாக இருக்க வேண்டும்.

இருக்கிற உலகமே மிகச் சிறந்தது, எதற்கும் ‘போதிய காரணம்’ உண்டு என்ற தத்துவத்தைப் பகிடி பண்ணும் வோல்டேயரின் ‘கண்டீட்’ கதை 1759இல் பல நகரங்களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இறங்கியது. டாக்டர் ரால்ஃப் என்பவர் ஜேர்மன் மொழியில் எழுதியதிலிருந்து பெயர்த்ததாம்; 1761 பதிப்பில், டாக்டர் செத்தபோது அவர் சட்டைப்பையில் கிடைத்த சேர்க்கைகளோடு என்று பொய்யை நீட்டினார். இதில் பார்க்க வேண்டியது ‘ஆகையால்’ என்ற தொடுப்பு. பிரபுவின் மாளிகைக்கு ஒரு கதவும் சன்னல்களும் இருந்தன, ஆகையால் அவர் நாட்டின் பலம்மிக்க பிரபுக்களில் ஒருவர். மூக்கு கண்ணாடி தாங்கப் படைக்கப்பட்டது, ஆகையால் நமக்கு மூக்குக் கண்ணாடி இருக்கிறது. இப்படி இரண்டு மூன்று தரம் சிரிக்க வைத்த தர்க்கத்தைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோகிறார். பீரங்கி முதலில் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 6,000 பேரைச் சாய்த்தது. துப்பாக்கி 9,000 தொடக்கம் 10,000 பேரை இந்த மிகச் சிறந்த உலகத்திலிருந்து அகற்றியது. துப்பாக்கி முனைக் கத்தியும் சில ஆயிரம் பேரின் சாவுக்குப் ‘போதிய காரணம்’ ஆயிற்று. மொத்தம் ஒரு 30,000 உயிர் இருக்கலாம். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். பிறகு இரண்டு அரசரும் அவரவர் முகாமில் வெற்றிக்கு நன்றிப் பூசை வைக்கிறார்கள். இந்த இடத்தைத் திருகோணமலையில் இருந்து வாசிப்பவருக்கு அடிக்குறிப்புத் தேவையில்லை.

சுரினாமில் கண்டீட் காணும் அடிமைக்கு இடது காலும் வலது கையும் இல்லை. சீனி ஆலையில் விரல் அகப்பட்டால் கையை வெட்டுவார்கள், ஓடப் பார்த்தால் காலை வெட்டுவார்கள், எனக்கு இரண்டும் நடந்தது. நீங்கள் ஐரோப்பாவில் சீனி சாப்பிடும் விலை இது. வருடத்தில் இரண்டு தரம் ஒரு துணிக் காற்சட்டை. எசமான் ஒரு டச்சு வியாபாரி. அந்த 1759இல் நமது கோணேசர் மலைக் கோட்டையிலும் டச்சுக் கொடிதான் பறந்தது. டச்சு வியாபாரியின் மனச்சாட்சி அந்தக் காலத்து அங்கதத்தில் ஒரு நிரந்தரப் பாத்திரம். யப்பானில் வியாபாரம் செய்ய வேண்டுமானால் சிலுவையை மிதிக்க வேண்டும் என்று அந்தக் கால ஐரோப்பாவில் பேசிக்கொண்டார்கள். சுவிஃப்டின் கலிவர் டச்சுக்காரனாக நடித்துக்கொண்டு மிதிக்காமல் விட மன்னிப்புக் கேட்கிறான். அப்படிக் கேட்ட முதல் டச்சுக்காரன் நீதான் என்று யப்பான் அரசருக்குச் சந்தேகம் வருகிறது. வோல்டேயரின் மாலுமி, நாலு பயணத்தில் நாலு தரம் மிதித்தேன் என்று மார்தட்டுகிறான். டச்சு விரிகுடாவில் காற்று வாங்கும் நேரத்தில் வாசிக்க உகந்த பகுதிகள்.

இனிச் செய்துபார்ப்போம். நமது நகரத்துப் புள்ளிமான்கள் கோட்டைக்குள்ளும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் கடற்கரையிலும் குப்பையைக் கிளறிப் பொலித்தீன் தின்பதும், அதனால் சாவதும் ஊரறிந்த விஷயம். இதைப் பற்றிப் ‘பாவம் மான்கள்’ என்று எழுதினால் இரண்டு அழுகை முகக்குறி கிடைக்கும். முன்மொழிவாக எழுதுவதானால் முதலில் பேசுகிறவரைத் தெரிவுசெய்ய வேண்டும். குப்பை போடுபவர் வேண்டாம், அரசியல்வாதி வேண்டாம். செலவைக் குறைப்பதில் ஆனந்தம் காணும் ஓர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் பொருத்தம். வடிவம், சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எல்லாரும் எழுதப் பழகிய திட்ட முன்மொழிவு: அறிமுகம், நோக்கம், பயனாளிகள், பாதீடு, எதிர்பார்க்கப்படும் பெறுபேறுகள். எண்கள் உண்மையாக இருக்க வேண்டும். கற்பனை எண் ஒன்று அகப்பட்டால் முழுவதும் பொய்யாகிவிடும். நாளொன்றுக்கு எத்தனை லோட் குப்பை, எவ்வளவு எரிபொருள் என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம்; தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்ல வேண்டும். மான்களை விடியற்காலையில் போய் எண்ணலாம். நடை இப்படிப் போகும்:

“நகரில் சேரும் திண்மக் கழிவை அகற்றுவதில் வாகனம், எரிபொருள், ஆளணி ஆகியவற்றுக்கு ஏற்படும் செலவை யாவரும் அறிவர். இக்கடமையை எவ்விதக் கொடுப்பனவுமின்றி ஏற்கெனவே ஆற்றிவரும் ஒரு பிரிவினர் நகரில் உள்ளனர் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். இவர்கள் விடியமுன் பணியைத் தொடங்குகின்றனர். இயற்கையே இவர்களுக்குப் புள்ளியிட்ட சீருடை வழங்கியுள்ளது. ஊழியர் சேமலாப நிதி, மேலதிக நேரக் கொடுப்பனவு, பண்டிகை முற்பணம் என்பன இவர்களுக்கு ஏற்புடையனவல்ல. பணியின்போது இறக்கும் ஊழியரின் வயிற்றைத் திறக்குமிடத்து, அவர் தமது சேவைக்காலத்தில் திரட்டிய பொலித்தீன் முழுவதும் ஒரே பொதியாக, இறுகிய நிலையில் கிடைக்கும். எனவே சேகரிப்பு, தரம்பிரிப்பு, பொதியிடல் ஆகிய மூன்று கட்டச் செலவுகளும் மீதமாகின்றன.”

இதில் சீருடை வரியை வெட்ட வேண்டும். அங்கே பேசுவது உத்தியோகத்தரில்லை, பகிடி விட ஆசைப்பட்ட எழுத்தாளர். சேமலாப நிதி வரி நிற்கலாம். அந்த ஆளுக்கு அது பகிடியே கிடையாது. வயிற்றைத் திறக்கும் வரிதான் அசலைத் தாண்டிய படி. அது முதற்பந்தியிலேயே வந்துவிட்டதால் மாதிரி அவசரப்படுகிறது. உண்மையில் எழுதும்போது அதற்கு முன் பாதீட்டு அட்டவணை ஒன்று முழுதாக வர வேண்டும், வாசகர் கொட்டாவி விடத் தொடங்குகிற அளவுக்கு. பிறகு தள்ளப்படும் பட்டியல்:

“கடைகளில் பை கொடுக்காமல் விடுவது, 2017இல் தடைசெய்யப்பட்ட சோற்றுத்தாளை உண்மையாகவே பாவிக்காமல் விடுவது, தொட்டிகளுக்கு மூடி போடுவது, உக்குவதையும் உக்காததையும் வீட்டிலேயே பிரிப்பது, கோயிலுக்கு வருவோர் வாழைப்பழத்தைப் பையோடு வீசாமல் இருப்பது முதலிய கனவுகளை எவரும் என்னிடம் எடுத்துவர வேண்டாம்.”

முடிவு: “இதில் எனக்கு எவ்வித ஆதாயமும் இல்லை. என் மதில் ஆறடி. மான் உள்ளே வந்ததில்லை. குப்பையை மதிலுக்கு வெளியே வைப்பதே என் வழக்கம்.”

நபரின் பெயரைப் போடலாமா என்பது அடுத்த சிக்கல். குற்றத்தைச் சாடினேன், பெயரை விட்டுவிட்டேன் என்று சுவிஃப்ட் தன் சாவைப் பற்றிய கவிதையில் சொல்லிக்கொள்வார். வுட்டைக் கேட்டால் வேறு கதை சொல்வார். பெயர் போட்டால் அந்த நபர் இடமாற்றம் ஆனதும் கட்டுரையும் செத்துவிடும் என்பது நடைமுறைக் காரணம். ‘சிரித்திரன்’ நகைச்சுவை இதழில் சுந்தர் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித்தம்பர் இன்றும் நடமாடுவது அவர் யாருடைய பெயரும் இல்லாததால்.

டீஃபோவின் ஆபத்து இப்போது பெரிது. அவருடைய பிரசுரத்தை வெட்டி ஒட்டக் கத்தரிக்கோல் வேண்டியிருந்தது. முகநூலில் ஒரு விரல் போதும். மூன்று சமூகமும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊரில், இனவாதி ஒருவனின் குரலில் அங்கதம் எழுதுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவனுடைய அசல் பேச்சே ஏற்கெனவே எல்லை தாண்டியது. அதைத் தாண்டி வைக்க ஒரு படி மிச்சமில்லை. ஒரு பந்தியை யாராவது வெட்டிப் பகிர்ந்தால் அது உண்மையான அழைப்பாகிவிடும். சட்டமும் இருக்கிறது: 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் குடிசார் மற்றும் அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டத்தின்கீழ் 2019இல் ஒரு சிங்கள எழுத்தாளர் சிறுகதைக்காகக் கைதானார். வெறுப்பைத் தடுக்க வந்த சட்டம் எவர் கதவைத் தட்டும் என்பதை டீஃபோ சொல்லியிருப்பார்.

எழுதி முடித்ததும் விஷயம் தெரியாத ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பாதீட்டுக்கு முன்னால் அவர் சிரித்தால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். முடியும் வரை சிரிக்காமல் “நல்ல யோசனைதானே, யார் எழுதியது?” என்று கேட்டால் தாண்டிய படி போதாது, இன்னும் ஒரு அங்குலம் தள்ளி வைக்க வேண்டும். நடுவில் ஒருதரம் நிமிர்ந்து பார்த்து, பிறகு முன்பந்திகளைத் திருப்பி வாசிக்கச் சொன்னால் போடலாம். போடும்போது எழுத்தாகப் போடாமல், தலைப்பும் கடைசிப் பந்தியும் ஒரே படத்துக்குள் வரும்படி போடுங்கள். வெட்டுகிறவருக்குக் கொஞ்சமாவது வேலை இருக்கட்டும்.